அத்துமால் (மனை எல்லை) தகராறு: அடுத்த மனைக்காரரிடம் பேசப் போகும் முன்

அடுத்த மனைக்காரர் கடைக்காலுக்கு நூல் பிடிக்கும் நாளில்தான் நம்மில் பெரும்பாலோருக்கு நம் மனையின் அளவே நினைவுக்கு வருகிறது. பத்திரம் பீரோவுக்குள் கிடக்கிறது, புலப்படத்தை, அதாவது நில அளவைத் துறையின் எல்லை வரைபடத்தை, கண்ணால் பார்த்ததில்லை, மூலைக்கல் எதுவென்று தெரியாது. ஆனால் ஒன்பது அங்குலம் உள்ளே வந்துவிட்டார் என்பது மட்டும் உறுதியாகத் தெரிகிறது. சேலத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் உள்ள எங்கள் மனையில் நானும் அப்படித்தான் கொத்தனாரும் சித்தாளும் பார்த்துக்கொண்டிருக்கக் குரலை உயர்த்தினேன். பிறகு முறையாக அளந்தபோது, வடக்கு மூலையில் அவர் மூன்று அங்குலம் எங்கள் பக்கம் வந்திருந்ததும், தெற்கு மூலையில் இரண்டு அங்குலம் தம் நிலத்தையே விட்டுக் கட்டியிருந்ததும் தெரிந்தது. நான் நம்பியிருந்த கல், மனைப்பிரிவு போட்டவர் அடையாளத்துக்காக நட்டுவைத்த கல். அது சர்வே கல்லே அல்ல. இங்கே நான் சொல்லும் வரிசை அந்தத் தலைகுனிவில் கற்றது: முதலில் தாள், பிறகு நாடா, அதன் பிறகே பேச்சு.

தாளை எடுக்கும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எல்லை எங்கே ஓடுகிறது என்பது ஒரு கேள்வி. தம் எல்லைக்குள் இருந்துகொண்டே ஒருவர் நமக்குத் தொல்லை தருகிறாரா என்பது வேறொரு கேள்வி. முன்னதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நில அளவைத் துறையும் உரிமையியல் நீதிமன்றமும். பின்னதற்கு மாநகராட்சி, மாசு கட்டுப்பாட்டு வாரியம், கோட்டாட்சியர் எனக் கதவுகள் வேறு. அம்மாப்பேட்டையில் விசைத்தறிச் சத்தத்தால் தூக்கம் கெட்ட ஒருவர், அந்தக் கோபத்தில் ‘சுவரும் என் இடத்தில்தான் இருக்கிறது’ என்று மனுவில் ஒரு வரி சேர்த்துவிட்டால், மனு தாலுகா அலுவலகத்துக்குப் போய் அளவரின் வருகைக்காகக் காத்துக் கிடக்கும்; தறி ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு மனுவில் ஒரு குறையை மட்டும் எழுதுங்கள்.

எல்லைக் கேள்விதான் என்று தெளிவானால், கிரையப் பத்திரம், அதற்கு முந்திய தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் ஆகிய ஐந்தையும் ஒரே மேசையில் பரப்பிவைக்க வேண்டும். பட்டாவையும் புலப்படத்தையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையிலும், வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் தளத்திலும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்தவரின் பத்திரத்துக்காக அவரிடம் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. அவருடைய சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டால் ஆவண எண் கிடைக்கும், அதைக் கொண்டு சான்றிட்ட நகலுக்கு மனுச் செய்யலாம். எல்லைத் தகராறுகளில் பாதிக்கு மேல் அடுத்தவரின் பத்திரத்தைப் படித்தவுடனே நிறம் மாறிவிடும் என்பது என் கருத்து. ஏனென்றால் நாம் நம் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்திலும் ஒரு பத்திரம் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

பத்திரத்தில் முதலில் படிக்க வேண்டியது சொத்து விவரத்தில் வரும் செக்குபந்தி, அதாவது நான்கெல்லை. ‘இன்னார் மனைக்கும் கிழக்கு, பொதுத்தடத்திற்கும் வடக்கு, இதன் மத்தியில் கிழமேலடி 30, தென்வடலடி 40’ என்ற பாணியில் அது எழுதப்பட்டிருக்கும். இங்கே பலர் தடுமாறுகிறார்கள். ‘இன்னார் மனைக்குக் கிழக்கு’ என்றால் அவர் மனை நமக்குக் கிழக்கே இருக்கிறது என்று பொருளல்ல. அவர் மனைக்குக் கிழக்கே நாம் இருக்கிறோம், ஆகவே அவர் நம் மேற்கு எல்லை. இதைத் தலைகீழாகப் படித்துத் தவறான ஆளிடம் சண்டைக்குப் போனவரை நான் நேரில் கண்டிருக்கிறேன். பத்திரத்தில் எழுதிய பரப்பளவும் நான்கெல்லையும் ஒன்றோடொன்று பொருந்தாதபோது, தெளிவாகக் குறிக்கப்பட்ட நான்கெல்லையே பொதுவாக மேலோங்கும் என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் நெறி. ‘இரண்டே முக்கால் சென்ட் வாங்கினேன், இரண்டரைதான் இருக்கிறது’ என்ற வாதம் மட்டும் அடுத்தவர் நிலத்தில் கால் சென்ட்டை நமக்குப் பெற்றுத் தராது. பட்டாவும் உரிமைக்கு முடிந்த முடிவான சான்றல்ல. அது வருவாய்க் கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்பதைக் காட்டும் ஆவணம். 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். பணியின்போது பெயரும் பரப்பும் பிசகிய பட்டாக்கள் இன்றும் திருத்தப்படாமல் இருக்கின்றன.

அலகுகளும் ஆளைக் கவிழ்க்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. முப்பதுக்கு நாற்பது மனை 1,200 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 2.75 சென்ட். பட்டாவிலோ கணக்கு ஹெக்டேரிலும் ஏரிலும் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 சென்ட். பழைய அளவைகள் 66 அடிச் சங்கிலியால் எடுக்கப்பட்டுப் பின்னர் மீட்டருக்கு மாற்றப்பட்டவை. புலப்படத்தில் நீளங்கள் பெரும்பாலும் மீட்டருக்குப் பின் ஒரு தசம இடம் வரைதான் எழுதப்பட்டிருக்கும்; அந்தக் கடைசி இலக்கத்தின் மதிப்பே பத்து சென்டிமீட்டர், நான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. படமே அவ்வளவு நுட்பத்தில்தான் பேசுகிறது என்றால், இரண்டு மூன்று அங்குலத்துக்காக நீதிமன்றப் படியேறுவது பணத்தையும் ஆயுளையும் கரைக்கும் வேலை. இதைச் சொன்னால் கோபப்படுவார்கள், நானும் கோபப்பட்டேன்.

இனி நாடா. வீட்டில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, துணி நாடாவைத் தவிர்த்து இரும்பு நாடாவால், நான்கு பக்கத்தையும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து ஒரு தாளில் குறியுங்கள். மூலைவிட்டம் முக்கியம். பக்கங்கள் நான்கும் சரியாக இருந்தும் மனை கோணலாக இருக்கலாம். மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக வந்தால்தான் முப்பதுக்கு நாற்பது என்பது உண்மையான செவ்வகம். இந்த அளவுக்குச் சட்டத்தின் முன் எந்த எடையும் இல்லை, ஆனால் நீங்கள் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பேசப் போகும் வேளையும் இடமும் பாதி வேலையைச் செய்துவிடும். வேலை நடக்கும் இடத்தில், ஆட்கள் முன்னால், வண்டியில் ஜல்லி வந்து இறங்கும் நேரத்தில் பேசினால் எவரும் பின்வாங்க மாட்டார். பின்வாங்கினால் அவருக்கு அன்றைய கூலி நட்டம், அத்தோடு மானக்கேடு. மாலையில் அவர் வீட்டு வாசலில், ‘அண்ணா, உங்க பத்திரத்தையும் எங்க பத்திரத்தையும் வெச்சுச் சேர்ந்து ஒரு தடவை அளந்து பாத்துக்கலாங்களா?’ என்று கேட்பது போதும். அளக்கலாம் என்பது கோரிக்கை, ஆக்கிரமிப்பு என்பது குற்றச்சாட்டு. முதல் பேச்சில் இரண்டாவது சொல் வாயில் வரக் கூடாது. கடைக்கால் தோண்டியிருந்தாலும் கான்கிரீட் போடும் முன் பேசிவிட வேண்டும். சுவர் எழும்பிய பின் அளவு தெரிந்து பயனில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் இடித்துக் கட்டும் செலவு யாருக்கு என்ற புதிய தகராறு அங்கே முளைக்கிறது.

பேச்சில் முடியவில்லை என்றால் அரசு அளவைக்கு மனுச் செய்யலாம். எல்லை காட்டித் தரக் கோரும் இந்த மனுவைத் தாலுகா அலுவலகங்களில் எஃப் லைன் மனு என்றே சொல்வார்கள். எஃப் லைன் என்பது புலத்தின் எல்லைக்கோடு. 2023 முதல் இதற்கு இணையவழியிலும் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்க முடிகிறது. மனுப் போடும் முன் இரண்டைப் பாருங்கள். உங்கள் பங்கு கூட்டுப் பட்டாவில் இருந்து, உட்பிரிவு ஆகாமல் இருந்தால், அளவரால் மொத்தப் புலத்தின் எல்லையைத்தான் காட்ட முடியும். உங்கள் பங்கு எதுவென்று சொல்லப் படத்தில் கோடே இருக்காது. ஆகவே உட்பிரிவுடன் பட்டா மாறுதல் முதலில். மற்றது, மாநகராட்சிப் பகுதியில் பத்திரத்தில் பழைய சர்வே எண்ணும் பதிவேட்டில் வார்டு, பிளாக், நகரளவை எண்ணும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள தொடர்பை முன்பே உறுதி செய்துகொள்ளாவிட்டால் வேறொருவர் எண்ணுக்கு மனுப் போய்விடும்.

அளவை நாளுக்கு முன்பாகப் பக்கத்து உரிமையாளர்களுக்கு அறிவிப்பு போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு இல்லாமல் நடந்த அளவையைப் பின்னால் எளிதாக மறுக்கலாம். எங்கள் மனைக்கு வந்த அளவர் எங்கள் சுவரையோ அவர் சுவரையோ பார்க்கவே இல்லை. படத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, தெருமுனையில் உள்ள பழைய கிணற்றுமேட்டிலிருந்து தொடங்கி, மூன்று மனை தாண்டிக் குப்பையும் சாம்பலும் குவிந்திருந்த இடத்தில் நின்று கடப்பாரை கேட்டார். முழங்கை ஆழத்துக்குத் தோண்டியதும் ‘ணங்’ என்று ஒலி வந்தது. மண்ணைக் கையால் வழித்துவிட்டு, தண்ணீர் ஊற்றித் தேய்த்தபோது கல்லின் தலையில் உளியால் கொத்திய கூட்டல் குறி தெரிந்தது. அதுவரை முறைத்துக்கொண்டிருந்த நானும் அடுத்த மனைக்காரரும் ஒன்றாகக் குனிந்து அதைப் பார்த்தோம். அந்தக் கல்லிலிருந்து நாடா ஓடிய பின்புதான் எங்கள் கோடு தெருவில் இறங்கியது. இதிலிருந்து சொல்ல வேண்டியது ஒன்றுண்டு: சுவர், வேலி, மரம் ஆகியவற்றிலிருந்து அளக்கத் தொடங்கும் எவரிடமும், எந்த நிலைக்கல்லிலிருந்து கோட்டைக் கொண்டுவருகிறீர்கள் என்று பணிவாகக் கேளுங்கள். குறி வைத்த இடங்களை இரு தரப்பும் இருக்கும்போதே படம் எடுத்து, அளவை வரைபட நகலையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

முடிவில் திருப்தி இல்லையெனில் அளந்துவிட்டுப் போன குறுவட்ட அளவருக்கு மேல் நில அளவைத் துணை ஆய்வாளரிடம் மறு அளவை கோரலாம். தமிழ்நாட்டில் இவற்றுக்கெல்லாம் அடிப்படை 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம். பட்டா தொடர்பான உத்தரவு என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதன்மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. தனியார் அளவர்கள் கருவி கொண்டு எடுத்துத் தரும் படம் உங்கள் தெளிவுக்கு உதவும். எதிர்த்தரப்பை அது கட்டுப்படுத்தாது. புலம் புலமாக அளந்து தனித்தனி விவசாயிக்கு வரி போடும் முறை உருப்பெற்ற இடங்களுள் ஒன்று நம் சேலம். 1792-ல் பாரமகால் பகுதியும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த பின் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் அதைத் தொடங்கினார்கள். இத்தனை தலைமுறைக்குப் பிறகும் கல்லைத் தேடி நாம் கடப்பாரை எடுக்கிறோம்.

சேர்வராயன் மலைக்கு ஏறிவிட்டால் சிக்கல்களின் தன்மையே மாறுகிறது. சர்வே அளவுகள் எல்லாம் கிடைமட்டத் தூரங்கள். காப்பித் தோட்டத்துச் சரிவில் நாடாவைத் தரையோடு தரையாகப் போட்டால் அளவு கூடித்தான் வரும். முப்பது பாகைச் சரிவில் நாடா நூறு அடி காட்டினால், கிடைமட்டத்தில் அது 87 அடிகூட முழுதாக வராது. நாடாவில் நூறு அடி வந்ததும் ‘இதோ என் எல்லை’ என்று கல் நடுபவர் தம் நிலத்திலேயே பதின்மூன்று அடியை இழக்கிறார். அவருக்குக் கீழே இருப்பவர் அதே பிழையை எதிர்த்திசையில் செய்கிறார். சரிவில் துண்டு துண்டாக, நாடாவை மட்டமாகத் தூக்கிப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு இறங்கி வர வேண்டும். மழையில் கல் உருளும், ஓடை தடம் மாறும், காட்டெருமை வேலியைச் சாய்த்துவிட்டுப் போகும். ஆகவே வேலியும் ஓடையும் சொல்லும் எல்லையை அப்படியே நம்ப வேண்டாம்.

மேட்டு நிலத்தில் பெய்த மழைநீர் தானாகக் கீழே வழிந்தோட இடம்தர வேண்டியது கீழ்நிலத்துக்காரரின் கடமை. அதை மண்கொட்டி மேட்டுக்காரர் பக்கமே திருப்பிவிட அவருக்கு உரிமையில்லை. அதேபோல், கீழ்நிலத்துக்காரர் பொக்லைன் வைத்துச் சரிவை வெட்டி, மேலே உள்ள நிலம் சரியும் நிலைக்குக் கொண்டுவரவும் உரிமையில்லை. இயற்கையாக உள்ள நிலம் பக்கத்து மண்ணின் தாங்குதலைப் பெறும் உரிமை உடையது. இரண்டையும் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் எடுத்துக்காட்டோடு சொல்கிறது. கூரைத் தண்ணீரை எல்லாம் ஒரு குழாயில் சேர்த்து அடுத்தவர் காப்பிச் செடியின் வேரில் விடுவது இந்த இயற்கை ஓட்டத்தில் சேராது. எல்லையில் நிற்கும் சில்வர் ஓக்கோ பலாவோ இடைஞ்சல் என்று தோன்றினாலும், உடனே கோடாரி வைக்க வேண்டாம். மலைப்பகுதி மரங்களைக் காக்கும் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால் அனுமதி பற்றி வனத்துறையிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் எல்லை வழக்கில் வாதியாக இருக்க வேண்டியவர் மர வழக்கில் எதிரியாகிவிடுவார்.

தொல்லை வகைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சத்தம் என்றால், 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் வரம்பு. சுவரை ஒட்டிக் கட்டுதல், சன்ஷேடு நம் பக்கம் நீட்டுதல், பக்க இடைவெளி விடாமல் மாடி எழுப்புதல் போன்றவற்றுக்கு 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகளைக் காட்டி, சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி ஆகிய நான்கு சேலம் மாநகராட்சி மண்டலங்களில் உங்களுக்கு உரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுங்கள். தெருவுக்கே தொல்லை என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியர் நடவடிக்கை எடுக்கலாம். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் தரும் மனுவும் கடைசியில் இதே அலுவலகங்களுக்குத்தான் வரும். ஆனால் அதற்கு ஓர் எண் கிடைக்கும், அந்த எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். எந்த மனுவானாலும், தேதியிட்ட படங்களும் எந்த நாளில் எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று எழுதிய ஒரு சிறு நோட்டும் நீண்ட புலம்பலைவிட வேலை செய்யும்.

காவல் நிலையத்தைப் பற்றிய மயக்கம் பலருக்கு உண்டு. எல்லை எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் காவல்துறைக்கு இல்லை. மிரட்டல், அடிதடி, கல்லைப் பிடுங்குதல் நடந்தால் மட்டும் போய்ப் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். என்னும் புகார் ரசீது வாங்குங்கள். கைகலப்பு மூளும் நிலை இருந்தால் அதே சன்ஹிதாவின் 164-ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியர், அந்த வேளையில் நிலம் யார் அனுபவத்தில், அதாவது யார் கைவசத்தில், இருக்கிறது என்பதை மட்டும் விசாரிப்பார். கட்டப்பஞ்சாயத்துக்காரர் வந்து ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்றால், அவருடைய கூலி நிலத்தின் விலையை எட்டிவிடும்.

நீதிமன்றம் என்று முடிவானால் காலக்கெடு முக்கியம். அனுபவத்திலிருந்து சட்டவிரோதமாக வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வந்தால், உரிமையை நிரூபிக்காமலே அனுபவத்தைத் திரும்பக் கேட்கலாம். உரிமையை அடிப்படையாகக் கொண்ட வழக்குக்கு, எதிராளியின் எதிரிடை அனுபவம் (உரிமையாளருக்கு எதிராக நிலத்தைக் கைவசம் வைத்திருத்தல்) தொடங்கியதிலிருந்து பன்னிரண்டு ஆண்டு. உரிமையே கேள்விக்குள்ளாகியிருக்கும்போது வெறும் தடையாணை மட்டும் கேட்டால் போதாது, விளம்புகை என்னும் உரிமை அறிவிப்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. இதைத் தவறவிட்டதால் ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்கு வீணாவதுண்டு. அளவைப் பற்றியே சர்ச்சை என்றால், அரசு அளவரின் துணையோடு இடத்தைப் பார்த்து அறிக்கை தரும் வழக்கறிஞர் ஆணையரை நீதிமன்றம் அனுப்பக் கோரும் மனுவைத் தாமதிக்காமல் போடச் சொல்லுங்கள். வழக்குக்கு முன்பே சமரசத்துக்கு வழியுண்டு: அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் எதிர்த்தரப்பை அழைத்துப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் எழுதப்படும் முடிவு தீர்ப்பாணைக்கு நிகரானது. அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. மலையில் உள்ள மலையாளி என்னும் பழங்குடி மக்களில் பலருக்கு இது தெரிவதில்லை.

சமரசமாக முடிந்தால் அதை எப்படி எழுதுவது என்பதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். ஓர் அங்குலமானாலும் நிலம் கைமாறுகிறது என்றால் பதிவு செய்த பத்திரம் வேண்டும். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதாது. நிலம் கைமாறவில்லை, அடுத்தவர் பயன்படுத்த நாம் விடுகிறோம் என்றால், அதை அனுமதி என்று வெளிப்படையாக எழுதி வாங்க வேண்டும். அனுமதியின்பேரில் வந்த அனுபவம் எத்தனை ஆண்டானாலும் எதிரிடை அனுபவமாக மாறாது. ஏற்காட்டில் என் தாய்மாமாவின் எல்லை ஓரத்து சில்வர் ஓக் மரங்களில் கீழ்த்தோட்டத்துக்காரர்தான் மிளகு பறிக்கிறார். ஆண்டுதோறும் தை மாதத்தில் ‘உங்கள் அனுமதியின்பேரில் பறித்துக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு படி மிளகோடு கொண்டுவந்து தருவார். எங்கள் மனையிலும் அந்த மூன்று அங்குலத்துக்கு அப்படித்தான் எழுதினோம்: சுவர் அப்படியே இருக்கட்டும், எல்லை கல் காட்டும் கோட்டில்தான் இருக்கிறது, சுவர் என்றைக்கு இடித்துக் கட்டப்படுகிறதோ அன்று கோட்டுக்குப் போய்விட வேண்டும். அளவை வரைபட நகலை அதோடு இணைத்து, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டோம். சாம்பல் குவியலில் கிடைத்த அந்தக் கல்லைச் சுற்றி, அந்த மனைக்காரரின் சம்மதத்தோடு, ஓரடிக்கு ஓரடி சிமெண்டுத் தொட்டி கட்டி மேலே கடப்பைக்கல் மூடி போட்டிருக்கிறோம். செலவில் பாதி அவர் கொடுத்தார்.